இரட்டை நெக் பெடல் ஸ்டீலில் மாற்று டியூனிங்: பின் நெக்கை என்ன செய்வது?

பெடல் ஸ்டீல் என்பது கிடையாக வைத்து, கம்பிகளின் மேல் எஃகு உருளையை (பார்) நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லிவராலும் கம்பிகளின் சுரத்தை மாற்றி வாசிக்கும் கிட்டார். இரட்டை நெக் என்றால் அதில் அருகருகே இரண்டு கம்பி வரிசை. அதை வாசிப்பவர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு: பின் நெக் என்பது கையை ஊன்றிக்கொள்ளும் பலகை. இரண்டு வருடம் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். முன் நெக்கில் ஈ9 என்ற டியூனிங் (கம்பிகளைச் சேர்த்து வைக்கும் சுர வரிசை), அதில் எல்லாப் பாட்டும் ஓடும். பின் நெக்கில் சி6, அதன் மேல் என் முழங்கை. கருவியைத் தூக்கும்போது மட்டும் இரண்டாவது நெக் இருப்பது முதுகுக்குத் தெரியும்.

மாற்று டியூனிங் தேட ஆரம்பித்தது அப்போதுதான். தேடியவுடன் நிறையப் பெயர்கள் கிடைத்தன: பி6, டி6, ஏ6, டி9. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் புகழ்ந்திருப்பார். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவோம் என்பது பல கம்பிகள் அறுந்த பிறகுதான் புரிந்தது. பார்க்க வேண்டியவை இரண்டு. முன் நெக் செய்யாத ஒன்றைப் பின் நெக் செய்ய வேண்டும். ஆனால் உங்கள் காலும் முழங்காலும் ஏற்கெனவே கற்றதை அது வீணாக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுபறியில் எங்கே நிற்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

நெக்குக்குப் பத்துக் கம்பி உள்ள டி-10 கருவியை வைத்தே பேசுகிறேன். ஏ முதல் ஜி வரை மேற்கத்தியச் சுரப் பெயர்கள்; ஷார்ப்புக்கு, அதாவது அரைச் சுரம் உயர்வுக்கு, # குறி. கேஜ் என்று சொல்லும் எண் ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு. 11 கேஜ் என்றால் ஆயிரத்தில் 11 அங்குலத் தடிமன்.

முதல் படி: இருப்பதை எழுதி வையுங்கள்

எந்தக் கம்பி எந்த சுரம், எந்தப் பெடல் எதை எவ்வளவு ஏற்றுகிறது, எந்த முழங்கால் லிவர் எதை இறக்குகிறது என்ற அட்டவணைக்கு ஸ்டீல் வாசிப்பவர்கள் கோபெடென்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை உங்கள் கருவியைப் பார்த்தே எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பதும் உங்கள் கருவியின் அடியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முக்கியமாக, பழைய கருவிகளில் முந்தைய சொந்தக்காரர் எதையாவது மாற்றியிருப்பார்.

வழக்கமான ஈ9, ஒன்றாம் கம்பியிலிருந்து பத்து வரை: எஃப்#, டி#, ஜி#, ஈ, பி, ஜி#, எஃப்#, ஈ, டி, பி. மேலே இருக்கும் எஃப்#, டி# இரண்டையும் சேர்த்த பெருமை ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸுக்குச் சொல்லப்படுகிறது. முதல் இரண்டு கம்பிகள் மூன்றாவதை விடத் தாழ்ந்த சுரத்தில் இருப்பது புதிதாக வருபவரைக் குழப்பும். பழகிய பிறகு அவை இல்லாமல் வாசிக்கவே முடியாது.

முன் நெக்கின் பெடல்களுக்கும் ஏ, பி, சி என்றே பெயர், சுரப் பெயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏ பெடல் 5, 10-ஆம் கம்பிகளில் பி-யை சி# ஆக்கும். பி பெடல் 3, 6-இல் ஜி#-ஐ ஏ ஆக்கும். சி பெடல் 4-ஐ எஃப்#-க்கும் 5-ஐ சி#-க்கும் ஏற்றும். லிவர்களில் ஒன்று ஈ கம்பிகள் இரண்டையும் எஃப்-க்கு ஏற்றும், இன்னொன்று டி#-க்கு இறக்கும். இந்த இறக்கும் லிவரை நினைவில் வையுங்கள், பிறகு வருவோம். மூன்று பெடலையும் இடமிருந்து ஏ, பி, சி என்று வைப்பது எம்மன்ஸ் முறை; சி, பி, ஏ என்று திருப்பி வைப்பது ஜிம்மி டே முறை. எதுவானாலும் டியூனிங் தேர்வை அது பாதிக்காது.

வழக்கமான சி6: ஜி, ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி, ஏ, எஃப், சி. இதற்கு 4 முதல் 8 வரை ஐந்து பெடல். நான்காவது ஏ-க்களை பி ஆக்கும். ஐந்தாவது 5-ஆம் கம்பி ஜி-யை எஃப்#-க்கு இறக்கி, 9-ஐ எஃப்#-க்கும் 10-ஐ டி-க்கும் ஏற்றும். ஆறாவது 6-ஆம் கம்பி ஈ-யை ஈ ஃப்ளாட்டாக இறக்கி, 2-ஆம் கம்பி ஈ-யை எஃப் ஆக்கும். ஏழாவது 3-ஐ டி-க்கும் 4-ஐ பி-க்கும் ஏற்றும். எட்டாவது 7-ஐ சி#-க்கு ஏற்றி, 9-ஐ ஈ-க்கும் 10-ஐ ஏ-க்கும் இறக்கும்.

பெடல்கள் நெக் வாரியாகப் பிரிந்திருக்கும், ஆனால் முழங்கால் லிவர்கள் இரண்டு நெக்குக்கும் பொது. பெடல், லிவரின் அசைவைக் கம்பிக்குக் கடத்தும் இரும்புத் தண்டுதான் ராடு. ஒரே லிவரில் முன் நெக்குக்கு ஒரு ராடும் பின் நெக்குக்கு ஒரு ராடும் கட்டியிருக்கலாம். அதனால் ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

எழுதி முடித்ததும் கருவியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை எடுக்காமல் நாலு ராடைக் கழற்றிவிட்டு, எது எந்தத் துளையில் இருந்தது என்று தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்கத் தரையில் படுத்துக் கிடந்தேன்.

இரண்டாம் படி: என்ன குறைகிறது என்று காதைக் கேளுங்கள்

பெடல் வருவதற்கு முன்பு ஸ்டீல் கிட்டாரில் இரண்டு, மூன்று, நான்கு நெக் கூட இருந்தது. ஒரு நெக்குக்கு ஒரு டியூனிங், பாட்டுக்குத் தக்கபடி நெக் மாறுவார்கள். பெடல் வந்தபோது அதையும் முதலில் நெக் மாறுவதற்குப் பதிலாகத்தான் பலர் பார்த்தார்கள். 1954-இல் வெளியான பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு சுரம் நிற்க, இன்னொன்று ஜாரு போல நழுவி மேலே போனது. அதன் பிறகு பெடல் என்பது டியூனிங் மாற்றும் சாவி மட்டுமல்ல, வாசிப்பின் பாகம் என்றாகிவிட்டது.

இந்தக் கதை இங்கே வரக் காரணம் இருக்கிறது. ஈ9 அந்த நழுவலுக்காகவே வளர்ந்த டியூனிங். சி6 அப்படியல்ல. ஜெர்ரி பர்டு போன்றவர்கள் பெடலே இல்லாமல் வாசித்த டியூனிங்கின் வழி வந்தது. தடித்த கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது), ஸ்விங், ஜாஸ் அதன் வீடு. ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: முன் நெக்கில் வாசிக்கும்போது எந்த இடத்தில் கை தயங்குகிறது?

கீழே பேஸ் போதவில்லை என்றால் ஒரு பதில். நாலைந்து சுரம் சேர்ந்த கார்டு ஒரே இழுப்பில் வரவில்லை என்றால் வேறு பதில். ஒலி கூர்மையாகக் காதைக் குத்துகிறது, கொஞ்சம் இறங்கி ஒலித்தால் தேவலை என்றால் மூன்றாவது பதில். பின் நெக் நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே போனதும் எந்த ஃப்ரெட்டில் எந்தச் சுருதி என்று மூளை குழம்புகிறது என்றால் நான்காவது. என் வியாதி இந்த நான்காவதுதான். விசாரித்தால் பலருக்கும் அதுதான்.

மூன்றாம் படி: வேட்பாளர்கள்

மிகச் சிறிய மாற்றத்திலிருந்து தொடங்குவோம். சி6-இல் முதல் கம்பியை ஜி-க்குப் பதில் டி ஆக்குவது. ஒரே ஒரு கம்பி. ஜி இருந்தால் மேலே பளிச்சென்று கார்டு கட்டலாம். டி இருந்தால் சி, டி, ஈ மூன்றும் ஒரே ஃப்ரெட்டில் கைக்குள் வந்துவிடும், மெட்டு வாசிக்க சுகம். ஆனால் இருக்கிற 12 கேஜ் கம்பியையே தளர்த்தி டி-க்கு இறக்காதீர்கள். இழுவிசை கிட்டத்தட்ட பாதியாகிவிடும், பார் வைத்தாலே கம்பி தொளதொளக்கும். 15 கேஜ் போடுங்கள்.

அடுத்தது டி6. சி6 முழுவதையும் ஒரு முழுச் சுரம் மேலே தூக்குவது: ஏ, எஃப்#, டி, பி, ஏ, எஃப்#, டி, பி, ஜி, டி. சி6-இல் பத்தாம் கம்பி 70 கேஜ், சுமார் 24 அங்குல நீளத்தில் அது கொஞ்சம் சேறாகத்தான் ஒலிக்கும். அதை டி-க்குத் தூக்கி 62 கேஜ் போட்டால் பேஸ் தெளிகிறது. விலை என்னவென்றால், முதல் கம்பி ஏ-வில் நிற்கும், அது கம்பியின் எல்லைக்கு மிக அருகே. அதற்கு மேல் எந்தப் பெடலாலும் ஏற்ற முடியாது.

எதிர்த் திசையில், முன் நெக்கையே இறக்கி டி9 ஆக்குவது. ஈ, சி#, எஃப்#, டி, ஏ, எஃப்#, ஈ, டி, சி, ஏ. ஒலி கனிந்துவிடும், மூன்றாம் கம்பி அறுவது அநேகமாக நின்றுவிடும். பழகிய விரல் அமைப்பு எதுவும் மாறாது. எல்லாமே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளிப்போகும், அவ்வளவுதான். பாடகருக்குத் துணையாக மெதுவான பாட்டுகள் வாசிப்பவர்களுக்கு இது பிடிக்கும். ஈ சுருதியில் திறந்த கம்பிகளை வைத்து வேகமாக ஓடுபவர்களுக்கு இது ஆகாது.

பின் நெக்கில் பெடலே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஏ6 போன்ற ஒன்றை அங்கே வைத்து, பாரின் சரிவை மட்டும் நம்பி வாசிப்பார்கள். கருவியின் பாதி இயந்திரம் சும்மா கிடக்கும். நான் கேலி செய்ய மாட்டேன். பெடலை மறந்து வாசித்த ஒரு மாதத்தில் என் இடது கை திருந்தியது.

இரண்டு நெக்கிலும் ஈ9 வைப்பவரையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அவரிடம் கேட்டேன், எனக்குப் புரியும்படி அவர் சொல்லவில்லை.

பி6: கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது

இப்போது அந்த லிவருக்கு வருவோம். ஈ9 நெக்கில் ஈ கம்பிகளை டி#-க்கு இறக்கும் லிவரை அழுத்திக்கொண்டு, 1, 2, 5, 6, 7, 8, 10 கம்பிகளை வரிசையாக மீட்டுங்கள். கிடைப்பது: எஃப்#, டி#, பி, ஜி#, எஃப்#, டி#, பி.

சி6 நெக்கின் முதல் ஏழு கம்பிகளையும் ஒவ்வோர் அரைச் சுரம் இறக்கிப் பாருங்கள். ஜி எஃப்# ஆகும், ஈ டி# ஆகும், சி பி ஆகும், ஏ ஜி# ஆகும். அதே ஏழு சுரம், அதே வரிசை, அதே உயரத்தில். அதாவது உங்கள் முன் நெக்குக்குள் ஏற்கெனவே ஒரு பி6 ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டு கம்பியில் ஒரே நெக்காக வரும் யுனிவர்சல் டியூனிங் முழுக்க இந்த ஒற்றுமையின் மேல்தான் நிற்கிறது.

இதனால் என்ன லாபம்? பின் நெக்கை சி6-இலிருந்து பி6-க்கு இறக்கினால், லிவரை அழுத்தி முன் நெக்கில் எந்த ஃப்ரெட்டில் ஒரு கார்டு எடுப்பீர்களோ, பின் நெக்கில் அதே ஃப்ரெட்டில் அது இருக்கும். ஜி சுருதி வேண்டுமென்றால் முன் நெக்கில் லிவரோடு 8-ஆம் ஃப்ரெட், பி6-இலும் 8. சி6 இருந்தவரை அது 7. ஒரே ஒரு ஃப்ரெட் வித்தியாசம்தானே என்று தோன்றும். மேடையில் நெக் மாறும் அரை நொடியில் அந்த ஒரு ஃப்ரெட்டில்தான் நான் விழுந்துகொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் கதவு திறக்கிறது. பி6-இல் ஆறாவது பெடலை மிதியுங்கள். 6-ஆம் கம்பி டி#-இலிருந்து டி-க்கு இறங்கும். இப்போது 9 முதல் 5 வரை கீழிருந்து: ஈ, ஜி#, பி, டி, எஃப்#. முன் நெக்குக்கு எந்தப் பெயர் வைத்திருக்கிறோமோ அதே ஈ9 கார்டு. ஒரு நெக்கில் லிவர் அழுத்தினால் மற்றதற்குள் போகிறீர்கள், அங்கே பெடல் மிதித்தால் இங்கே திரும்பி வருகிறீர்கள்.

இன்னொரு நல்ல செய்தி. எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்குவதால் எந்த ராடையும் இடம் மாற்ற வேண்டாம். ஐந்தாம் பெடல் முன்பு டி9 கொடுத்தது, இனி சி#9 கொடுக்கும். விரல் இருக்கும் இடம் அதேதான்.

குறை இல்லாமல் இல்லை. பத்தாம் கம்பி பி-க்கு இறங்கும், ஏற்கெனவே சேறாக இருந்தது இன்னும் கொஞ்சம் சேறாகும். சி6-க்கென்று எழுதிய பாடங்களைப் பார்த்து வாசித்தால் சுருதி அரைச் சுரம் கீழே ஒலிக்கும். திறந்த கம்பியில் சி சுருதி கைவிட்டுப் போகும். பேஸ்தான் உங்கள் தேவை என்றால் பி6 உங்களுக்கு அல்ல, டி6 பக்கம் போங்கள். ஸ்னீக்கி பீட் க்ளெய்னோ எட்டுக் கம்பி, ஒற்றை நெக் ஃபெண்டரில் பி6 வைத்தே ராக் இசைக்குள் ஸ்டீலைக் கொண்டுபோனவர். அங்கே பத்தாம் கம்பிப் பிரச்சினையே எழவில்லை.

நான்காம் படி: கம்பி வாங்கும் முன் காகிதத்தில் வாசியுங்கள்

ஒரு தாளில் பத்துக் கட்டம் போடுங்கள். சுரத்தின் பெயரை எழுதாமல் அதன் எண்ணை எழுதுங்கள். சி6 என்றால் மேலிருந்து 5, 3, 1, 6, 5, 3, 1, 6, 4, 1. பி6-க்கும் டி6-க்கும் இதே எண்கள்தான் வரும். பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றே என்பது இப்படி எழுதினால்தான் கண்ணில் படும். ஈ9 என்றால் 2, 7, 3, 1, 5, 3, 2, 1, அரைச் சுரம் இறங்கிய 7, 5.

கீழே ஒவ்வொரு பெடலுக்கும் லிவருக்கும் ஒரு வரி. எந்தக் கட்டத்தில் ஏறுகிறதோ அங்கே கூட்டல் குறி, இறங்கினால் கழித்தல், பக்கத்தில் எத்தனை அரைச் சுரம்.

அப்புறம் உங்களுக்குப் பிடித்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு தாளில் நடத்திப் பாருங்கள். மேஜர், மைனர், டாமினன்ட் ஏழு மூன்றும் எளிதாகப் பிடிக்கும் மூன்று கம்பிகளில் வருகிறதா? மெட்டின் சுரங்கள் எல்லாம் பாரை இரண்டு மூன்று ஃப்ரெட்டுக்கு மேல் நகர்த்தாமல் கிடைக்கிறதா? ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டு பெடலையும் ஒரு லிவரையும் ஒரே நேரத்தில் எதிரெதிராக அசைக்க வேண்டியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் காலால் முடியாது. நானே கண்டுபிடித்ததாக நினைத்துக் குதித்த இரண்டு டியூனிங்குகள் இந்தத் தாளிலேயே செத்தன. கம்பிக் காசு மிச்சம்.

ஐந்தாம் படி: கம்பியின் எல்லை

ஈ9-இன் மூன்றாம் கம்பி 11 கேஜ். திறந்த நிலையில் ஜி#, அதாவது சுமார் 415 ஹெர்ட்ஸ். பி பெடல் மிதித்தால் ஏ, 440 ஹெர்ட்ஸ். பெடல் ஸ்டீலில் அடிக்கடி அறும் கம்பி இதுதான். ஒரு நாள் எனக்கு ஓர் ஆசை வந்தது: இதை பி வரை ஏற்றினால் மேலே ஓர் அழகான மேஜர் கார்டு கிடைக்குமே என்று. 11 கேஜ் அறுந்தது. மெல்லியதாக இருப்பதால் அறுகிறது போலும் என்று 12 போட்டேன். அறுந்தது. சரி, 10 போட்டால் இழுவிசை குறையுமே என்று அதையும் போட்டேன். அதுவும் அறுந்தது.

காரணம் எளிய கணக்கு. கம்பி தடித்தால் அதே சுரத்துக்குக் கூடுதல் இழுவிசை தேவை. அது எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கம்பியின் வலிமையும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆகவே ஒரு நீளத்துக்கு வெறும் எஃகுக் கம்பி அறும் சுரம் அநேகமாக ஒன்றுதான், எந்த கேஜ் போட்டாலும். 24 அங்குலத்தில் ஏ வரை போகலாம், அதற்கு மேல் ஆபத்து. ஜி#-இலிருந்து பி-க்குப் போக இழுவிசை 40 சதவீதம் கூட வேண்டும், எஃகுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. எந்த டியூனிங் எடுத்தாலும், பெடல் மிதித்த பிறகு வரும் மிக உயர்ந்த சுரம் அந்த ஏ-வைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கீழே இறக்கும்போது கம்பி அறாது, ஆனால் தளரும். அரைச் சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், முழுச் சுரம் இறக்கினால் 21. தளர்ந்த கம்பியில் பெடல் கொஞ்சம் அசைந்தாலே சுரம் நிறைய ஓடும், கால் பதற்றமாகும். இழுவிசையைப் பழையபடி வைக்க, அரைச் சுரம் இறங்கினால் கேஜை சுமார் 6 சதவீதம் கூட்டுங்கள்; முழுச் சுரத்துக்கு 12. ஏறினால் அதே கணக்கில் குறையுங்கள்.

பி6-க்கு இப்படிப் போட்டால் மேலிருந்து தோராயமாக 13, 15, 18, 21, 26, 32, 38, 44, 57, 74 வரும். கடையில் கிடைக்கும் அருகிலுள்ள கேஜ் போதும். மேல் கம்பிகளில் இதை விட எளிய வழி உண்டு: ஈ9 நெக்கில் எஃப்#-க்கு 13, டி#-க்கு 15, பி-க்கு 17 அல்லது 18 என்று ஏற்கெனவே போட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அதே சுரம், அதே கம்பி.

ஜி# மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. வெறும் கம்பி போடலாம், சுற்றுக் கம்பியும் போடலாம். சுற்றுக் கம்பி நிறைந்து ஒலிக்கும், ஆனால் அதே சுர மாற்றத்துக்குப் பெடல் அல்லது லிவர் அதிக தூரம் போக வேண்டும். முழுச் சுரம் இறக்கும் மாற்றம் அந்தக் கம்பியில் இருந்தால் வெறும் கம்பியே நல்லது.

ஆறாம் படி: ராடைத் தொடாமல் ஒரு வெள்ளோட்டம்

முதலில் கம்பியை மட்டும் மாற்றுங்கள். ஒரு பதினைந்து நாளாவது அப்படியே வாசித்த பிறகுதான் அடியில் இருக்கும் இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

ஏற்றுவதும் இறக்குவதும் ராடை இழுத்தே நடக்கும் வழக்கமான ஆல்-புல் கருவியில், கம்பியை மாற்றும் முன் வலது முனையில் இருக்கும், பெடல் சுரங்களைச் சேர்க்கும் நைலான் நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். இதை மறந்து புதுக் கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு ஆசையாகப் பெடலை மிதித்தால், பழைய அளவுக்கு இறுக்கி வைத்த நட்டு புதுக் கம்பியை எங்கோ இழுத்துக்கொண்டு போகும். தளர்த்திய பிறகு, பெடல் எதையும் தொடாமல் பத்துக் கம்பியையும் திறந்த நிலையில் சேருங்கள். ஒவ்வொன்றையும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். பிறகு பெடலை அழுத்தியபடி ஏறும் சுரங்களை நட்டில் சரிசெய்யுங்கள், கடைசியாக இறங்கும் சுரங்கள். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று லேசாக நகரும், மூன்று சுற்று ஆகும். பழைய புஷ்-புல் கருவியில் இந்த வரிசை வேறு; அதற்கான முறையைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

இறங்கும் கம்பிகளை ஒருமுறை தனியாகச் சோதியுங்கள். லிவரை அழுத்தி விட்டதும் சுரம் பழைய இடத்துக்கே வருகிறதா? கொஞ்சம் தாழ்ந்தே நின்றுவிட்டால், புதுக் கம்பியின் இழுவிசை அதிகமாகி, திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கை அது வென்றுவிட்டது என்று அர்த்தம். அந்த ஸ்பிரிங்கைச் சற்று இறுக்குங்கள். டி6 போன்று ஏற்றிய டியூனிங்கில் கேஜைக் குறைக்காமல் விட்டால் இது அடிக்கடி நடக்கும்.

வெள்ளோட்ட நாட்களில் புதிதாக எதுவும் கற்காதீர்கள். முன் நெக்கில் தூக்கத்தில்கூட வாசிக்கும் மூன்று மெட்டை எடுத்து, பின் நெக்கில் வாசியுங்கள். எங்கே கை தயங்கியதோ அதைத் தாளில் குறியுங்கள். எந்த ராடு மாற வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளே சொல்லிவிடும். எனக்கு நாலு மாற்றம் தேவை என்று முதல் நாள் தோன்றியது. பதினைந்தாம் நாள் ஒன்றுதான் மிஞ்சியது.

ஏழாம் படி: ராடு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ராடின் ஒரு முனை பெல்கிராங்கில் (குறுக்குத் தண்டில் பொருத்திய, ராடை இழுக்கும் சிறு கை), மறுமுனை சேஞ்சரில் (கம்பியின் முனையை அசைத்துச் சுரத்தை மாற்றும் பாகம்). பெல்கிராங்கில் பல துளைகள் இருக்கும். குறுக்குத் தண்டுக்கு அருகிலுள்ள துளை என்றால் மிதிப்பது லேசாக இருக்கும், ஆனால் தூரம் அதிகம். தள்ளியுள்ள துளை என்றால் தூரம் குறையும், கால் கனக்கும். ஒரே பெடல் இரண்டு கம்பியை இழுக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகச் சேர வேண்டும். ஒன்று முந்தினால் அதன் துளையை மாற்றுங்கள். நட்டை மட்டும் திருகிச் சமாளிக்கப் பார்த்தால், சேரும் இடம் சரியாகும், போகும் வழி அசிங்கமாகவே இருக்கும்.

எட்டாம் படி: காதால் சுருதி சேர்த்தல்

டியூனர் காட்டும் நடுக்கோட்டில் எல்லாக் கம்பியையும் நிறுத்தினால் ஈ9-இல் மேஜர் கார்டு துடிக்கும். தூய மேஜர் மூன்றாம் சுரம், சம இடைவெளிச் சுரத்தை விடச் சுமார் 14 சென்ட் தாழ்வு (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அதனால் ஜி# கம்பிகளைச் சற்று இறக்கி வைப்பார்கள், துடிப்பு அடங்கும் வரை. ஏ, பி இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் கருவியின் உடலே லேசாக வளைந்து, மிதிபடாத ஈ கம்பிகள் சில சென்ட் இறங்கும். அதை ஈடுகட்ட ஈ-யை ஒரு துளி உயர்த்தி வைப்பவர்கள் உண்டு.

ஆறாம் சுர டியூனிங்குகளில் இதே தாராளம் வேண்டாம். அங்கே ஒரு கம்பிக்குப் பல வேடம். சி6-இன் ஈ, சி மேஜருக்கு மூன்றாம் சுரம், ஏ மைனருக்கு ஐந்தாம் சுரம், ஐந்தாவது பெடலில் இன்னும் வேறு. ஒரு வேடத்துக்காக 14 சென்ட் இறக்கினால் மற்ற வேடத்தில் உறுத்தும். நான் பி6-இல் மூன்றாம் சுரத்தை ஆறேழு சென்ட்டுக்கு மேல் இறக்குவதில்லை. பெடலால் வரும் சுரங்களுக்குத் தனி நட்டு இருப்பதால் அவற்றை அந்தந்தக் கார்டுக்குப் பொருத்தமாகத் தனியே சேர்க்கலாம். ஐந்தாம் பெடலின் பத்தாம் கம்பியை, அந்தப் பெடலை மிதித்தபடியே எட்டாம் கம்பியோடு ஐந்தாம் சுரமாகச் சேருங்கள். டியூனர் என்ன சொன்னாலும் காதோடு போங்கள்.

எல்லாம் பிடித்துப் போனால் புதுக் கோபெடென்டைச் சுத்தமாக எழுதி, கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள், கேஜ் எண்களோடு. கூடவே ஒரு சி6 செட்டை உறையில் போட்டு, பழைய அட்டவணையையும் படத்தையும் அதற்குள் மடித்து வையுங்கள். ராடை நகர்த்தாமல் பி6 வைத்தவர்களுக்கு, திரும்பிப் போக வேண்டுமென்றால் அது ஒரு மாலை வேலைதான்.